தறி நின்ற பகல்

கெண்டைக்கால் நரம்பு இழுக்கிறது, தறிகளுக்கு நடுவே நாளெல்லாம் நின்றால் இழுக்காமல் என்ன செய்யும், இந்த இழுப்புக்குத்தான் அன்றைக்கு எட்டிக்கொட்டையைத் தின்றேன், வைத்தியர் சூரணத்தில் அதுதான் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள், அவர் நஞ்சை முறித்த பிறகே சேர்க்கிறார் என்பதைச் சொல்லவில்லை, பச்சையாகவே இடித்து வெந்நீரில் விழுங்கினேன், அப்படிக் கசந்தது, கசந்தால் கேட்கும் என்று நினைத்துக்கொண்டேன், முதலில் தாடை இறுகியது, பிறகு கழுத்து, பிறகு தலையும் குதிகாலும் மட்டும் கட்டிலில் பட உடம்பு வில்லாக வளைந்து நிற்கிறது, புத்தி மட்டும் தெளிவாக இருக்கிறது, மயக்கம் வந்திருந்தால் தேவலை, ஆஸ்பத்திரி ஜன்னலில் போர்வை கட்டி இருட்டாக்கிவிட்டு நர்ஸம்மா என் புருஷன் ராக்கியப்பனிடம் மெல்லச் சொல்வது கேட்கிறது, தொட்டாலும் இழுக்கும், சத்தம் கேட்டாலும் இழுக்கும், இழுக்கும்போதெல்லாம் மூச்சு நின்று போகிறது, பொழுது சாயும்வரை அடக்கி வைத்தால் பிழைத்துக்கொள்வாள் என்கிறாள், ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் யாருடையதோ ஒரு தறிப்பட்டறை, தடக் தடக்கென்று ஊடை நூலோடு ஓடும் நாடாக்கட்டை அடிக்க அடிக்க நான் வளைகிறேன், சோறு போட்ட சத்தம் என்னைக் கொல்கிறது, இன்னும் ஒரு தடவை, இதோடு சரி என்று நினைக்கும்போது சத்தம் நின்றுவிட்டது.

ஒரு தறி நின்றால் அடுத்தது ஓடும், அன்றைக்கு எல்லாமே நின்றன, பிறந்ததிலிருந்து கேட்காத அமைதி, நான் காவிரிக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறேன், தண்ணீர் கெண்டைக்காலுக்கு வருகிறது, முட்டிக்கு வருகிறது, ஒவ்வொரு நரம்பாக இளகுகிறது, மூச்சு வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது, கண் விழித்தால் போர்வை ஓரத்தில் சாயங்கால வெளிச்சம்.

ராக்கியப்பன் பிறகு சொன்னார், பட்டறைக்குப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டாராம், முதலாளியோ துணி இன்றைக்கே லாரியில் ஏறியாக வேண்டும் என்றாராம், அப்போது அங்கே தறி ஓட்டுகிற, என் முகத்தைக்கூடப் பார்த்திராத பாவாயி போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றாளாம், ஏனுங்க மொதலாளி, அங்க ஒருத்தி உசுருக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்கறா, இந்தத் துணிய நாளைக்கு நெய்ஞ்சாக் கசங்கியா போயிரும் என்றாளாம், நெய்த மீட்டருக்குத்தான் கூலி என்றிருந்தும் மற்றவர்கள் ஒருத்தரும் அவளைத் தள்ளிவிட்டு சுவிட்சைப் போடவில்லை, பொழுது இறங்கும்வரை கூலி போனாலும் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தார்களாம், இருமல் வந்தவர்கள் தெருவுக்கு ஓடி இருமினார்களாம்.

இப்போது நானும் அதே பட்டறையில்தான், அவளுக்கு அடுத்த தறி, அக்கா, நீ வீட்டில் இரு, ஒரு நாள் உன் தறியையும் சேர்த்து நான் ஓட்டுகிறேன் என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், பாவாயி நூல் முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டே சிரிக்கிறாள், உன்ற கையில எம்பட பாவு நூலைக் குடுத்தா இழையெல்லாம் அந்து போயிரும் புள்ள, மொதல்ல உன்னுதைப் பாரு, கால் இழுக்கிறது, இழுக்கட்டும், நிற்கிறேன், நின்றுகொண்டே கேட்கிறேன், அவள் தருகிறதாக இல்லை, பாவாயிக்கு ஒரு பகல் தறி ஓட்டித் தர வேண்டும், இன்னும் தரவில்லை.