வெர்னாவின் வரி

ஆர்வில் டான்ஸி இறந்து, நினைவுக் கூட்டமும் நடந்து பத்து நாளான பிறகும் அவருடைய கிட்டார் வாசிப்பதை நிறுத்தவில்லை. ஓஹையோ மாநிலத்து டன்ஸ்பரி ஊரில், நகர மண்டபத்து மேடையில், ஒரு மடக்கு நாற்காலியில் சாய்த்து வைத்த நிலையிலேயே, தொடும் கை எதுவும் இல்லாமல், இரண்டே இரண்டு தாளக்கட்டைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருந்தது. முதல் நாள் கேட்டவர்கள் அழுதார்கள். இரண்டாம் நாள் வெளியூர்க்காரர்கள் கார் போட்டுக்கொண்டு வந்து கேட்டார்கள். நான்காம் நாளிலிருந்து ஊரார் பனிக்குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.

ஆர்வில் பாடியதெல்லாம் தாத்தா காலத்துக் கதம்ப மேடைப் பாட்டுகள். கரடி வித்தைக்கும் கழைக்கூத்துக்கும் நடுவே ஒரு ஆள் தொப்பியைச் சாய்த்துக்கொண்டு வந்து மாமியாரைப் பற்றியும் தவறவிட்ட டிராமைப் பற்றியும் பாடிவிட்டுப் போவானே, அந்த ரகம். 1974இல் எடுத்த படத்தில் அவருக்கு எழுபது வயதிருக்கும். போன வருஷத்துப் படத்திலும் அதே எழுபதுதான். இதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பாட்டின் கடைசி வரியை அவர் பாடவே மாட்டார். கைத்தடியால் கூட்டத்தில் ஒருவரைச் சுட்டிக்காட்டுவார்; அந்த ஆள் பாடும்வரை கிட்டார் அதே இரண்டு தாளக்கட்டில் காத்திருக்கும். டொலீடோவில் கூச்சப்பட்ட ஒரு பல் வைத்தியருக்காக நாற்பது நிமிடம் காத்திருந்தார். பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொடுக்கக் கூடாது. ஒருவருக்கு வந்த வரியை இன்னொருவர் பாடுவது, ரசிகர்கள் நடுவே, அடுத்தவர் தட்டிலிருந்து கறியை எடுத்துத் தின்பதற்குச் சமம். அப்படி ஒருமுறை வாய் தவறிப் பாடிவிட்ட ஒரு கணக்கு வாத்தியார் வீட்டை விற்றுவிட்டு இண்டியானாவுக்கே போய்விட்டார்.

அக்டோபரில் டன்ஸ்பரியில் நடந்த கச்சேரியில் கைத்தடி வெர்னா ப்ரோக்காவைக் காட்டியது. வெர்னா முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். பாட்டு, குடையை மறந்த புருஷனைப் பற்றியது: ஊருக்குக் கிளம்பியவன் குடைக்கென்று திரும்பி வருகிறான், பிறகு தொப்பிக்கு, பிறகு பல் செட்டுக்கு, இப்படிப் பதினொரு தடவை. கடைசி வரி பெண்டாட்டியுடையது: "போறதுன்னா போ, கதவைச் சாத்திட்டுப் போ." வெர்னா வாயைத் திறக்கும்போது பக்கத்து நாற்காலியில் இருந்த அவள் புருஷன் லெஸ்டர் இருமினான், கைக்குட்டை சிவந்தது. ஆர்வில் கிட்டாரை நிறுத்திவிட்டு மேடையிலிருந்து இறங்கி வந்தார். "வரி உங்ககிட்டயே இருக்கட்டும் அம்மணி. அடுத்த தடவை வாங்கிக்கறேன்" என்றார். ஜனவரியில் செத்துப்போனார்.

நினைவுக் கூட்டத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். வெர்னா வரவில்லை. லெஸ்டருக்கு நுரையீரல் முழுக்கப் புற்று. சனிக்கிழமை தாண்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கூட்டத்தில் எல்லாரும் சேர்ந்து குடைப் பாட்டைப் பாடினார்கள். கடைசி வரி வந்ததும் இருநூற்றுப் பன்னிரண்டு வாயும் ஒரேயடியாக மூடிக்கொண்டன. "அது வெர்னாவோட வரி" என்று முடிதிருத்தும் க்ளைட் மெதுவாகச் சொன்னார். ரசிகர் மன்றத் தலைவர் அவர்தான். மரியாதை காத்த திருப்தியில் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அப்போதுதான் நாற்காலியில் இருந்த கிட்டார் தொடங்கியது.

அந்த நிமிடம் முதல் டன்ஸ்பரியில், முடிகிற கட்டத்தில் இருந்த எதுவும் முடியவில்லை. கெட்டில்கள் விசில் அடிக்கப் போய் அடிக்காமல் நின்றன. சரக்கு ரயில் ஒன்று கடைசிப் பெட்டியைச் சாலையை வெட்டும் தண்டவாளக் கடவில் வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தது, கடக்கவில்லை. வடக்கே ஒரு பண்ணையில் பசு ஒன்று கன்றின் இரண்டு முன்னங்கால்கள் வெளியே தெரிய, நிதானமாக வைக்கோல் மென்றுகொண்டிருந்தது. ஆர்விலைப் பிடிக்காத தீயணைப்புத் தலைவர் மேடையேறி ஒலிபெருக்கியில் அந்த வரியைப் பாடிப் பார்த்தார்; கிட்டார் அவருக்காகச் சுருதியைக்கூட மாற்றவில்லை.

சனிக்கிழமை வந்தது, போனது. லெஸ்டர் இருந்தான். வெர்னா சமையலறையில் நின்று, நாலு தெரு தள்ளிக் கேட்ட அந்தக் கிட்டாருக்கு வாய்விட்டு நன்றி சொன்னாள். வரியைப் பல்லுக்கு நடுவே கடித்து வைத்துக்கொண்டால் போதும், காலத்துக்கும் இப்படியே இருந்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். ஆப்பிள் பை ஒன்று அடுப்பில் வைத்தாள். அது வேகவே இல்லை, அவள் கவலைப்படவும் இல்லை. ஆறாம் நாள்தான் அவளுக்குப் புரிந்தது. வலிக்குப் போடும் மார்ஃபின் ஊசி வலியின் வாசல்வரை போய் நின்றுவிடுகிறது. லெஸ்டருக்குத் தூக்கம் வருகிறது, ஆனால் அவன் தூங்குவதில்லை. தொடங்கிய முனகல் முடிவதில்லை. அவன் பேசும்போதும் அது அடியில் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் அவனுக்கு மேலும் இரண்டு ஊசி போட்டாள். தலையணையை அவன் முகத்தருகே கொண்டுபோய்த் திரும்பவும் கீழே வைத்தாள். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள், அழுகையும் முடியவில்லை.

பத்தாம் நாள் மதியம் க்ளைட் வாசலில் வந்து நின்றார். பின்னால் பாதி மீசையோடு அவருடைய வாடிக்கையாளர் ஒருவர்.

"ஒரே ஒரு வரி, வெர்னா. அஞ்சாறு வார்த்தை."

"அப்ப நீங்களே பாடுங்க."

"ஐயையோ, அது உன் வரியாச்சே!" க்ளைட் நிஜமாகவே பதறினார்.

"பத்து நாளா இந்த மூஞ்சியோட இருக்கேன்ம்மா," என்றார் மீசைக்காரர். "பொண்டாட்டி மழிச்ச பக்கமா உக்காந்துதான் பேசறா."

"நான் பாடினா லெஸ்டர் போயிடுவான்."

மீசைக்காரர் படியிலிருந்து இறங்கிக் காருக்குப் போய்விட்டார். க்ளைட் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "தெரியும். ஆனா அவன் முனகறது எங்க வீடுவரைக்கும் கேக்குது, வெர்னா."

அவள் கதவை அறைந்து சாத்தினாள்.

"யாரு? க்ளைட்டா?" என்றான் லெஸ்டர் கட்டிலிலிருந்து. "வா இங்க. ஏ கிழவி, பத்து நாளா என்னை மேடை ஓரத்துல நிக்க வச்சிருக்க. ஒண்ணு உள்ள கூப்பிடு, இல்ல வெளிய அனுப்பு."

"எனக்கு வாய் வரலடா."

"நாப்பத்தோரு வருஷமா என்னைப் பேசவே விடாத வாய். இன்னிக்குத்தான் வரலையாக்கும்?" அவன் சிரிக்கப் பார்த்தான், அது பாதியிலேயே நின்றது. பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கிண்டல் எதுவும் இல்லாமல் சொன்னான்: "முடியல, வெர்னா. பாடிடு."

மூன்று மணி ஆகிப் பத்து நிமிடம் கழிந்தபோது அவள் பாடினாள். குரல் இரண்டாம் சொல்லில் உடைந்தது, சுருதி எங்கேயோ போனது. நாலு தெரு தள்ளிக் கிட்டார் பொறுமையாகக் கூடவே வந்து, அவள் முடித்ததும் ஒரு தட்டுத் தட்டி ஓய்ந்தது. ஊர் முழுக்கக் கெட்டில்கள் ஒன்றாக அலறின. ரயில் கடவைத் தாண்டியது. வடக்கே கன்று வைக்கோலில் விழுந்தது. வெர்னா, எது வந்தாலும் அவனை எடுத்துக்கொண்டு போகாதபடி, இரண்டு கையாலும் லெஸ்டரைப் போர்த்திக்கொண்டு மேலே கவிழ்ந்து படுத்தாள்.

முனகல் நின்றது.

"எலும்பு நொறுங்குதுடி," என்றான் லெஸ்டர். "எந்திரி."

வரி அவனைக் கொல்லவில்லை. எல்லாருக்கும் உள்ள சாதாரண நேரத்தை அவனுக்கும் திருப்பிக் கொடுத்தது, அவ்வளவுதான். அவன் தூங்கினான். எழுந்து அரைக் கோப்பை சூப் குடித்தான். கார்க் கொட்டகைக் கதவை நசுக்கியது யார் என்று பத்து வருஷமாக நடந்த சண்டையில், நசுக்கியது தான்தான் என்று ஒப்புக்கொண்டான். வியாழக்கிழமை காலை, வெர்னா காபி போடப் போன நேரத்தில், இறந்தான்.

லெஸ்டரின் அடக்க ஆராதனையில் தேவாலயம் நிறைந்திருந்தது. எல்லாரும் குடைப் பாட்டுக்கு வந்த அதே முகங்கள். கடைசிக் கீதத்தின் கடைசி வரி வந்ததும், அதுவும் வெர்னாவுடைய வரி என்பதுபோல, யாரும் சொல்லாமலே, எல்லார் வாயும் மூடிக்கொண்டன. பாதிரியாரும் பாடவில்லை. ஆர்கன் வாசிக்கிற அம்மாள் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆர்கன் தானாகவே வாசித்துக்கொண்டிருந்தது. ஒருவரும் திரும்பி அதைப் பார்க்கவில்லை. முதல் வரிசையில் வெர்னா பாட்டுப் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் நின்றாள். கால் மணி நேரம் ஆயிற்று. க்ளைட் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டினார். குழந்தைக்காரிகள் குழந்தைகளை மடியில் கிடத்திக்கொண்டார்கள். சவ ஊர்தியின் ஓட்டுநர் வெளியே போய், இன்ஜினை அணைத்துவிட்டு வந்து, பின்வரிசையில் உட்கார்ந்தார்.