எம்லினுக்குப் பாடிய பாட்டு

ஜெர்மனியிலிருந்து வந்த ரெய்னருக்கு எதைப் பார்த்தாலும் பிடித்துப்போனது. விடாமல் பெய்த மழை பிடித்தது. கூரை போன பாழ்வீடுகள் அதைவிடப் பிடித்தன. லினெட் வைத்த உலர்திராட்சை ரொட்டியைக்கூடப் படமெடுத்துவிட்டுத்தான் சாப்பிட்டார். வேல்ஸ் மலைகளைப் பற்றித் தன் நாட்டுத் தொலைக்காட்சிக்கு ஒரு படம் எடுக்க வந்திருந்தார் அவர். லினெட் தன் வீட்டில் வாடகைக்கு விடும் மாடி அறையில் தங்கியிருந்தார்.

பகலெல்லாம் லினெட்டின் தம்பி எம்லினோடு மலையில் திரிவார். எம்லினுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அவனும் ஆடுகளும்தான். ஒருநாள் சாப்பிடும்போது, விருந்தாளி எதிரிலேயே, அவருக்குப் புரியாத வெல்ஷ் மொழியில் அக்காளிடம் சொன்னான்:

"மந்தையை இந்த வருஷத்தோட வித்துடப் போறேன்னு இவர்கிட்ட சொன்னேன்க்கா. ராத்திரி தூக்கமே வர்றதில்லைன்னும் சொன்னேன். ரொம்பக் கவனமாத்தான் கேட்டாரு. கடைசியில என்ன சொன்னாரு தெரியுமா? 'உங்க முகத்துல எவ்வளவு நிம்மதி!'"

லினெட்டுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உன் மூஞ்சியிலயா? கண்ணு டாக்டர்கிட்ட போகச் சொல்லு."

என்னவென்று தெரியாமல் ரெய்னரும் சேர்ந்து சிரித்தார்.

அந்த வாரமே, ஈரச் சரிவில் டிராக்டர் புரண்டு எம்லின் அடியில் மாட்டிக்கொண்டான். பக்கத்துப் பண்ணை டில்வின்தான் போய்ப் பார்த்தார். உயிர் இல்லை.

அடக்கத்துக்குத் தானும் வரலாமா என்று ரெய்னர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வாங்க. அவனும் உங்ககூட நல்லாத்தான் பழகினான். ஆனா காமிரா வேண்டாம்" என்றாள் லினெட்.

தேவாலயம் நிரம்பி, வாசல் வரை ஜனம் நின்றது. எல்லோரும் நான்கு குரலாகப் பிரிந்து பாடினார்கள். மூன்றாவது சரணத்தில் டில்வினின் கனத்த கீழ்க்குரல் உடைந்து நின்றுபோனது. மற்றவர்கள் அந்த இடத்தைத் தாங்கிப் பிடித்துப் பாட்டை முடித்தார்கள். வெளியே வந்ததும் ரெய்னர் லினெட்டின் கையைப் பற்றிக்கொண்டு அழுதார். தன் தம்பிக்காக அழ ஓர் அந்நியன் இருந்தானே என்று அவளுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. ஊருக்குக் கிளம்பும்போது வழிக்கு ரொட்டி கட்டிக் கொடுத்தாள்.

மறு வசந்தத்தில் படம் வெளிவந்தது. கணினியில் பார்க்க வழிசெய்து, அடியில் ஆங்கில மொழிபெயர்ப்பு வரிகளோடு அனுப்பியிருந்தார். டில்வினும் அவர் மனைவி நெஸ்ட்டாவும் பார்க்க வந்தார்கள்.

'கவலை அறியாத மலைமக்கள்' என்று ஆரம்பித்தது. பாழ்வீடுகள் வந்தன, 'காலம் உறங்கும் இடம்' என்றது பின்னணிக் குரல். எம்லின் வேலியோரம் நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தான். அவன் பேச்சை எடுத்துவிட்டு இசையைப் போட்டிருந்தார்கள். பிறகு ஆட்டுக்குட்டிகள் துள்ளின. அதன்மேல் ஒரு பாட்டு எழுந்தது. 'இவர்கள் மகிழ்ச்சி வந்தால் இப்படித்தான் பாடுவார்கள்.'

நெஸ்ட்டா நாற்காலியின் கையைப் பிடித்தாள். "லினெட், இது நம்ம..."

மூன்றாவது சரணம் வந்தது. கீழ்க்குரல் உடைந்தது. அந்த இடத்தில் ஒரு குட்டி கால் இடறி விழுந்து எழுந்தது. வேடிக்கையாக இருக்கட்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். டில்வின் எழுந்து மழையில் இறங்கி நடந்தார். தொப்பியை எடுக்கவில்லை.

"சட்டைப் பைக்குள்ள ஒலிப்பதிவுக் கருவியை வச்சிருந்திருக்கான், பாவி" என்றாள் நெஸ்ட்டா.

லினெட் அன்றே தொலைபேசியில் கூப்பிட்டாள். ரெய்னரின் குரலில் சந்தோஷம் பொங்கியது.

"பார்த்தீங்களா? பிடிச்சிருந்ததா?"

"அது என் தம்பி அடக்கத்துல பாடினது."

"ஆமா. நான் கேட்டதுலயே அழகான பாட்டு அதுதான்."

"காமிரா வேண்டாம்னு சொன்னேனே."

"காமிரா எடுத்துட்டு வரலையே!" அவர் குரலில் நிஜமான வியப்பு. "அதுவுமில்லாம, இங்க யாருக்கும் வார்த்தை புரியாது. சந்தோஷமாத்தான் கேட்பாங்க."

லினெட் போனை வைத்துவிட்டாள்.

கோடையில் அறை ஒருநாள்கூடக் காலியாக இல்லை. எல்லாம் அந்தப் படம் பார்த்து வந்தவர்கள். ஒரு தம்பதி காலைச் சாப்பாட்டின்போது ஆசையாகக் கேட்டார்கள்: "அந்தப் பாட்டை எங்க, எப்ப கேட்கலாம்?"

லினெட் முட்டையைத் தட்டில் போட்டபடியே சொன்னாள்: "எங்கள்ல யாராவது செத்தாதான் பாடுவோம். அதுவரைக்கும் தங்கறீங்களா?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்கள். இந்த ஊர்க்காரர்களின் நகைச்சுவை பற்றியும் படத்தில் சொல்லியிருந்தது.