டிராமுக்கு முன்னே நடந்த மாப்பிள்ளை

சேக் தாவூதிடம் கெட்ட பழக்கம் என்று ஒன்றும் கிடையாது. சுருட்டைத் தொடமாட்டான், சீட்டாட்டம் நடக்கும் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டான். தேக்காவில் சொந்தமாகப் பாய்க்கடை வைத்திருந்தான். பள்ளிவாசலில் அவன் இல்லாத வெள்ளிக்கிழமை கிடையாது. அப்படிப்பட்டவனுக்கு முப்பது வயது வரைக்கும் பெண் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை என்றால், அதற்குக் காரணம் டிராம்.

சிங்கப்பூரில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மற்றவர்களுக்கு அது ஒரு வண்டி. ஏறுவார்கள், இறங்குவார்கள், மறந்துபோவார்கள். தாவூது மட்டும் கடையைப் பூட்டிவிட்டுப் போய் ஏறுவான். பாயா லேபார் வரைக்கும் டிரைவரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டே போவான், அதே வண்டியில் திரும்பி வருவான். அதற்கும் முன்னால், டேங்க் ரோட்டில் ரயில் விட்ட புதிதில், கடல் தாண்டி ஜொகூருக்குப் போகிறவர்களோடு, பாதை முடிகிற கிராஞ்சி வரை போனான். மற்றவர்கள் படகைப் பிடிக்க ஓடினார்கள். இவன் எஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் ஊர் திரும்பிவிட்டான். ஜொகூர் எப்படி இருந்தது என்று கேட்டவர்களிடம், ஜொகூரைப் பார்க்கவா போனேன் என்று கேட்டான்.

பாய் வாங்க வந்தவர்கள் பாடு பெரும்பாடு. கடைசி நிறுத்தத்தில் டிராம் திரும்புவதே இல்லை, டிரைவர்தான் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு மறுமுனைக்கு நடந்து போகிறார், இருக்கைகளின் சாய்மானத்தை அப்படியே புரட்டிப் போட்டால் முதுகு இருந்த பக்கம் முகம் வந்துவிடும் என்று கைகால் ஆட்டி விளக்குவான். வந்தவர் டிராமைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டு, பாயை மறந்துவிட்டுப் போவார்.

அவனை வளர்த்தவள் பெரியம்மா ஹலீமா. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைச் செய்துவை என்பார்கள். ஹலீமா சொன்னது ஒரே ஒரு பொய்தான். பெருமாள் கோயில் தாண்டி லாயம் வைத்திருந்த யாக்கூப் ராவுத்தரின் மகள் உம்மு சல்மாவைக் கேட்டுப் போனபோது, பையன் எங்கே போனாலும் நடந்துதான் போவான் என்று சொல்லி வைத்தாள். சொல்ல வேண்டிய அவசியம் இருந்தது. யாக்கூபுக்கு நாலு குதிரை வண்டிகள். டிராம் வந்த பிறகு அவற்றில் ஏற ஆள் குறைந்துபோனது. டிராம் என்ற சொல்லை அவர் வீட்டில் யாரும் உரக்கச் சொல்வதில்லை.

பேச்சு நல்லபடியாகத்தான் போயிற்று. தேநீர் வந்தது, ஊரைப் பற்றிப் பேசினார்கள், உறவைப் பற்றிப் பேசினார்கள். அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு டிராம் போயிற்று. தாவூது தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். பின் சக்கரத்தில் ஒரு தட்டல் கேட்கிறது, தேய்ந்திருக்கிறது, அது பதினாலாம் நம்பர் வண்டியாகத்தான் இருக்கும் என்று சொன்னான். நுணலும் தன் வாயால் கெடும் என்று பெரியோர் சும்மாவா சொன்னார்கள்? திரைக்குப் பின்னால் பெண்களோடு இருந்த ஹலீமா கண்ணை மூடிக்கொண்டாள்.

யாக்கூப் வெகுநேரம் தாடியைத் தடவினார். பிறகு, பையன் மேல் வேறு குறை இல்லை என்றார். ஆனால் ஒன்று, நிக்காஹ் முடிகிற வரைக்கும் அவன் டிராமில் ஏறக்கூடாது. ஒரே ஒரு தடவை ஏறினான் என்று காதில் விழுந்தாலும் பேச்சு முறிந்தது. ஒரு வண்டியை விட முடியாதவன் என் மகளுக்காக வேறு எதை விடுவான் என்று கேட்டார். நியாயமான கேள்வி. தாவூது அவர் கையில் கை வைத்து வாக்குக் கொடுத்தான்.

கொடுத்துவிட்டு வெளியே வந்தவனுக்கு முகம் செத்துப்போயிருந்தது. வீடு திரும்பும் வழியில் ஹலீமா, உள்ளே பெண்கள் பக்கத்தில் நடந்ததைச் சொன்னாள். மாப்பிள்ளைக்கு டிராம் பைத்தியம் என்று தெரிந்ததும் மற்றப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். உம்மு சல்மா சிரிக்கவில்லை. மழை பெய்யும்போது மேல்கம்பியில் நீல நெருப்புப் பறக்குமாமே, அதைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறாரா என்று கேட்டாளாம். தாவூது நடு ரோட்டில் நின்றுவிட்டான். இத்தனை வருஷத்தில் அவனிடம் அப்படி ஒரு கேள்வியை யாருமே கேட்டதில்லை. முகம் தெரியாத அந்தப் பெண் மேல் அவனுக்கு அந்த இடத்திலேயே ஆசை வந்தது. டிராம் போனால் போகட்டும், இவள் போய்விடக் கூடாது என்று நினைத்தான்.

நினைப்பது சுலபம். டிராம் டிரைவர் மருதப்பன் அவனுக்குப் பழக்கம். விஷயம் தெரியாமல் கடை வாசலில் வண்டியை மெதுவாக்கிக் கையைக் காட்டுவார். தாவூது தலையை ஆட்டிவிட்டுப் பாயைச் சுருட்டுவான். சுருட்டிய பாயையே மறுபடி விரித்துச் சுருட்டுவான். தஞ்சோங் பகாரில் சரக்கு வந்திருக்கிறது என்றால் நடந்தே போய்வந்தான். செருப்புத்தான் தேய்ந்தது. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் இவன் எப்போது ஏறுவான் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவன் ஏறவில்லை.

கல்யாண நாளும் வந்தது. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் மாப்பிள்ளை ஊர்வலம், பொழுது சாய்ந்ததும் வரும் மஃரிபுக்குள் நிக்காஹ் என்று ஏற்பாடு. மஃரிபுக்குப் பிறகு, நிக்காஹ் நடத்தி வைக்கும் காஜியாருக்கு வேறு இடத்தில் இன்னொரு நிக்காஹ் இருந்தது. தவறினால் மறுநாள்தான்.

யாக்கூப் தன்னிடம் இருந்தவற்றில் நல்ல வண்டியைப் பூவால் மூடி அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். அனுப்பவில்லை, தானே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். மாமனார் வண்டியோட்ட மாப்பிள்ளை உட்கார்ந்து வருவது எந்த ஊர் வழக்கம் என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். தன் வெள்ளைக் குதிரை மல்லிகையை இத்தனை கூட்டத்துக்கு நடுவில் வேறு எவன் கையிலும் கொடுக்க மாட்டேன் என்றார் அவர்.

தாவூதைக் குளிப்பாட்டி, ஜரிகைத் தொப்பியும் புதுச் செருப்பும் போட்டு, முகத்தை மறைத்துப் பூச்சரம் தொங்கவிட்டு வண்டியில் ஏற்றினார்கள். காஜியாரிடம் கபூல் என்று சம்மதம் சொல்கிற வரைக்கும் மாப்பிள்ளை வாய் திறக்கக் கூடாது, தலை நிமிரக் கூடாது. அது முறை. அவன் வாயைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஹலீமா இதை அவனிடம் பலமுறை சொல்லியிருந்தாள்.

பைத்துப் பாடுகிறவர்கள் முன்னே நடக்க, வண்டி சிராங்கூன் ரோட்டில் ஏறியது. காலையில் பெய்த மழையில் ரோடு செம்மண் குழம்பாகக் கிடந்தது. வண்டி குலுங்கியது. கொஞ்ச தூரத்தில் குலுக்கல் நின்று, வெண்ணெயில் வழுக்குவதுபோலப் போக ஆரம்பித்தது. தாவூதுக்குக் காரணம் காதிலேயே தெரிந்தது. யாக்கூப் ஒரு பக்கத்துச் சக்கரத்தைத் தண்டவாளப் பள்ளத்தில் இறக்கி ஓட்டிக்கொண்டிருந்தார். குதிரை வண்டிக்காரர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான் அது. டிராமைத் திட்டுவார்கள், அதன் தண்டவாளத்தில் சொகுசாகப் போவார்கள்.

பூச்சரத்துக்குள் தாவூதுக்கு வியர்த்தது. எதிர் டிராமுக்கு வழிவிடுவதற்காகத் தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற இடம் முன்னால் வருகிறது. அங்கே பள்ளம் குறுகும். வண்டிச் சக்கரத்தை அது கவ்விக்கொள்ளும். சொல்ல வாயெடுத்தான். முறை ஞாபகம் வந்தது. மாமனாருக்கு வண்டியோட்டக் கற்றுக்கொடுக்கவா போகிறாய் என்று மனசு அதட்டியது. வாழ்நாளெல்லாம் கேட்காதவர்களிடம் டிராமைப் பற்றிப் பேசியவன், பேச வேண்டிய ஒரே இடத்தில் வாயை மூடிக்கொண்டான்.

சக்கரம் கவ்விக்கொண்டது. மல்லிகை மிரண்டு முன்னே இழுத்தாள். யாக்கூப் அவசரத்தில் அவளை இன்னும் தட்டிவிட்டார். தாவூதால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"மாமா, முன்னால விடாதீங்க, பின்னால தள்ளணும்" என்றான்.

அதற்குள் ஆரக்கால்கள் முறிந்து சக்கரம் சாய்ந்தது. யாருக்கும் அடிபடவில்லை. பைத்து நின்றுபோயிற்று. மாப்பிள்ளை வாயைத் திறந்துவிட்டதைக் கவனிக்கக்கூட ஆளில்லை. பின்னால் மணியடித்தபடி பதினாலாம் நம்பர் டிராம் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் மருதப்பன்.

மருதப்பன் நிலைமையைப் பார்த்தார். முறிந்த வண்டியை ஓரமாகத் தூக்கி வைக்க இறங்கி வந்து கைகொடுத்தார். பிறகு, மாப்பிள்ளையை டிராமில் ஏற்றுங்கள், மூச்சு விடுவதற்குள் வாசலில் இறக்கிவிடுகிறேன் என்றார். ஊர்வலத்தில் வந்தவர்களும் அதையே சொன்னார்கள். காஜியார் காத்திருக்கிறார், வேறு வண்டி தேட நேரமில்லை, ஆபத்துக்குப் பாவமில்லை என்றார்கள். பின்னால் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த மூடுவண்டியிலிருந்து ஹலீமாவும், ஏறிடு தாவூது என்றாள்.

தாவூது பூச்சரத்தை விலக்கிப் பார்த்தான். கழுவித் துடைத்த வண்டி, மாலை வெயிலில் பளபளத்தது. டிரைவருக்குப் பின்னால் அவன் வழக்கமாக நிற்கும் இடம் காலியாக இருந்தது. எத்தனை நாள் ஏக்கம். ஏறு என்று ஊரே சொல்கிறது. அவன் கால்கூட ஒரு அடி முன்னே போயிற்று.

அப்போதுதான் யாக்கூப் கண்ணில் பட்டார். பட்டுச் சட்டையோடு சேற்றில் உட்கார்ந்து, முறிந்த ஆரக்கால் ஒன்றை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏறுங்கள் என்று அவர் சொல்லவில்லை. ஏறாதீர்கள் என்றும் சொல்லவில்லை. பதினாலாம் நம்பர் வண்டி இப்படி உடைந்து கிடந்தால் தானும் இப்படித்தான் உட்கார்ந்திருப்போம் என்று தாவூதுக்குப் புரிந்தது. இவர் டிராமை வெறுப்பதும் தான் அதை விரும்புவதும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. இந்த மனுஷன் முன்னால், இந்த நேரத்தில், அதில் ஏறிப் போவது மனசுக்கு ஒப்பவில்லை. வாக்கு என்பது அதற்கு அப்புறம்தான்.

"குதிரைய அவிழ்த்துப் பிடிச்சுக்குங்க மாமா. நாம நடப்போம்."

"காஜியார் போயிடுவாரு" என்றார் யாக்கூப்.

"வேகமா நடப்போம்."

மருதப்பனிடம், மணியடிக்காமல் வரும்படியும், குதிரை ஏற்கெனவே மிரண்டிருப்பதாகவும் சொன்னான். பிறகு நடந்தான். ஜரிகைத் தொப்பியும் கழுத்து நிறைய மாலையுமாக ஒரு மாப்பிள்ளை செம்மண் சேற்றில் எட்டுவைத்து நடப்பதைச் சிராங்கூன் ரோடு அதுவரை பார்த்ததில்லை. புதுச் செருப்பில் ஒன்றைச் சேறு பிடுங்கிக்கொண்டது. மற்றதை அவனே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். மல்லிகையின் கடிவாளத்தைப் பிடித்தபடி யாக்கூப் பக்கத்தில் நடந்தார். பைத்துக்காரர்கள் மூச்சு வாங்க மறுபடி பாடினார்கள். ஊர்வலம் ரோட்டை அடைத்துப் போனதால் முந்த வழியில்லாத டிராம் சத்தம் போடாமல் பின்னால் ஊர்ந்து வந்தது. அதிலிருந்த சீனர்களும் மலாய்க்காரர்களும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். தாவூதுக்குக் கால் வலித்தது, ஆனால் மனம் நிறைந்திருந்தது. பதினாலாம் நம்பரின் பின் சக்கரத்துத் தட்டலைச் சரிசெய்துவிட்டார்கள் என்பதை வழியிலேயே கவனித்துக்கொண்டான்.

பெண் வீட்டு வாசலை அடைந்தபோது வெயில் இறங்கியிருந்தது. காஜியார் உள்ளே இன்னும் இருந்தார், சீக்கிரம் ஆகட்டும் என்று குரல் கொடுத்தார். வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி அழைத்துப் போவது பெண்ணின் தம்பி செய்ய வேண்டிய முறை. உம்மு சல்மாவுக்குத் தம்பி இல்லாததால், தம்பி முறையுள்ள அப்துல் அலீம் மடித்துக் கட்டிய கைலியோடு, தண்ணீர்ச் செம்பும் கையுமாக நின்றான். மாப்பிள்ளையின் கால்களைப் பார்த்ததும் அவன் திகைத்தான். முழங்கால் வரை சேறு.

யாக்கூப் குதிரையின் கடிவாளத்தை அலீமிடம் கொடுத்துவிட்டுச் செம்பைத் தான் வாங்கிக்கொண்டார். படியில் குந்தி உட்கார்ந்தார். தாவூது பதறிக் காலைப் பின்னுக்கு இழுத்தான். வயதில் மூத்தவர், பெண்ணைக் கொடுப்பவர், அவர் இதைச் செய்வது முறையில்லை. கூடி நின்றவர்களும் வேண்டாம் என்றார்கள்.

"டிராம் பின்னாலயே வந்துச்சு" என்றார் யாக்கூப், தலை நிமிராமல். "ஏறியிருந்தா நானும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். காலைக் குடுங்க மாப்பிள்ளை."

காஜியார் உள்ளிருந்து மறுபடி அவசரப்படுத்தினார். யாக்கூப் அவசரப்படவில்லை. வண்டி ஓட்டித் திரும்பிய நாட்களில் மல்லிகையின் குளம்புகளைக் கழுவுகிற அதே நிதானத்தோடு, விரல் இடுக்கெல்லாம் விட்டுத் தேய்த்து, ஒவ்வொரு காலாகக் கழுவினார்.