மச்சான் பெயருக்கு வாங்கிய மை

சேரன்மகாதேவியில் பள்ளிக்கூட எழுத்தராக இருக்கும் சிவசைலம், மகள் பிருந்தாவின் கல்யாணப் பத்திரிகையை வீட்டிலேயே அடிக்கப்போகிறார் என்ற செய்தி, கல்யாணம் நிச்சயமான செய்தியைவிட வேகமாகத் தெருவில் பரவியது. சிக்கனம் என்றார்கள் சிலர். சிக்கனமாவது ஒன்றாவது, பயம்.

மச்சான் மந்திரமூர்த்திமேல் உள்ள பயம். மனைவி கலையரசிக்கு ஒரே அண்ணன் அவர். பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன் புதுவீட்டுப் பால்காய்ப்புப் பத்திரிகையில் அவர் பெயர், சகலை பேச்சிராஜ் பெயருக்குக் கீழே போய்விட்டது. அச்சாபீஸ்காரன் செய்த கோளாறு என்று சிவசைலம் சத்தியம் பண்ணினார். பெயர்களை வரிசையாக எழுதிக் கொடுத்தது யார் என்று தெருவில் யாரும் கேட்கவில்லை, கேட்காமலே தெரியும். அன்றிலிருந்து மந்திரமூர்த்தி அந்த வீட்டுப் படி ஏறவில்லை. தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் பெண்ணை எப்படி மணையில் உட்காரவைப்பது? கலையரசி இதைச் சோறு போடும்போதெல்லாம் கேட்டாள். மறுசோறு போடும்போதும் கேட்டாள்.

ஆகவே இந்த முறை நடுவில் அச்சாபீஸே கிடையாது. சிவசைலம் மூன்று ஞாயிற்றுக்கிழமை வீடியோ பார்த்தார். கெட்டி அட்டை ஒன்றைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கடை கடையாக ஏறினார். அட்டை மடங்காமல் பின்பக்கமாக நேரே இறங்கும் பிரிண்டரைச் சரியாகவே தேர்ந்தெடுத்தார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சறுக்கியது மையில்.

பாளையங்கோட்டையில் கடை வைத்திருக்கும் ஷிபின் இரண்டு விதமான ரீஃபில் மையை எடுத்து வைத்தான். ஒன்று கொஞ்சம் மங்கல், ஆனால் தண்ணீருக்கு அசையாது. மற்றது பளபளவென்று இருக்கும், ஈரம் பட்டால் ஓடிவிடும். மங்கலையே வாங்கச் சொன்னான்.

மச்சான் பெயர் மங்கலாக விழுவதா? சிவசைலத்துக்குச் சிரிப்பு வந்தது.

“ஏலே ஷிபின், பத்திரிகையக் கொண்டுபோயி ஆத்துல குளிப்பாட்டவாலே போறோம்?”

ஷிபின் வீட்டுப் பத்திரிகைகளில் வேத வசனம் இருக்கும், மஞ்சள் இருக்காது. அவனுக்கு மேற்கொண்டு சொல்லத் தோன்றவில்லை. சிவசைலத்துக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

முந்நூறு பத்திரிகையும் கண்ணைப் பறிக்கிற மாதிரி வந்தன. சகலை உள்ளிட்ட மற்றவர்கள் நடுவில் பொடி எழுத்தில் கிடக்க, வலது மூலையில் தனியாக, மாப்பிள்ளை பெயரைவிடப் பெரிதாக, சிவப்பில் மந்திரமூர்த்தி. முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு வைப்பதுதான் முறை. சாமி கோபித்தால் ஒரு பொங்கலோடு போய்விடும், மச்சான் அப்படியில்லை என்று பேட்டைக்கே முதலில் கிளம்பினார்கள். கலையரசி மஞ்சளை உரசி, நான்கு மூலையிலும் தடவி, அண்ணன் பெயர் இருந்த மூலையில் பாசத்தோடு இன்னொரு விரல் கூடுதலாக அப்பி, ஈரம் காயுமுன் உறைக்குள் செருகினாள்.

மந்திரமூர்த்தி வாங்க என்றார், அவ்வளவுதான். தாம்பாளத்திலிருந்து பத்திரிகையை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேரே மூலைக்குப் போனார். அங்கே சிவப்பும் மஞ்சளும் குழம்பி, வெற்றிலை துப்பின இடம் போல ஒரு கறை இருந்தது. பெருவிரலால் தடவிப் பார்த்தார். மிச்சமிருந்த பெயரும் விரலோடு வந்தது. நடுவில் பேச்சிராஜ் மட்டும் பளிச்சென்று இருந்தார்.

சிவசைலம் இரண்டு வகை மையைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். ஷிபின் சொன்னதை எல்லாம் சொன்னார், அவன் பேச்சைத் தான் கேட்காமல் போனதைத் தவிர.

“அன்னைக்கு அச்சாபீஸ்காரன். இன்னைக்கு மையா வே?” என்றார் மந்திரமூர்த்தி.

“நாந்தாண்ணே தடவுனேன்,” என்றாள் கலையரசி. “நீ வரலைன்னா எம்பிள்ளைக்கு யாரு மாலை எடுத்துக் குடுப்பா?”

மந்திரமூர்த்தி தங்கச்சியைப் பார்க்காமல் விரலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மிச்சம் எத்தனை இருக்கிறது என்று கேட்டார். வேறு மையில் புதிதாக அடித்துத் தருவதாகச் சிவசைலம் துடித்தார்.

“உம்ம மை ஒண்ணும் வேண்டாம். எல்லாத்தையும் இங்கன கொண்டாரும்.”

கிழித்துப் போடப்போகிறார் என்றே நினைத்து, சிவசைலம் மறுநாள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். மந்திரமூர்த்தி பட்டறையில் இரும்பில் அளவு குறிக்கிற, மண்ணெண்ணெய்க்கும் அசையாத கறுப்பு மார்க்கரை எடுத்தார். ஒரு பத்திரிகையை உருவி, பிள்ளையாருக்கு நேர் கீழே, மணமக்களுக்கு மேலே, பெருவிரல் அகல எழுத்தில் தாய்மாமன் மந்திரமூர்த்தி என்று எழுதினார். இரண்டு நாள் பட்டறையை மூடிப்போட்டு மற்ற இருநூற்றுத் தொண்ணூற்றெட்டிலும் எழுதினார். கடைசிப் பத்திரிகையை நீட்டும்போதுதான் வாயைத் திறந்தார்.

“மாலை எங் கைல இருந்துதான் போகணும். மொதநாளே வந்துருவேன், பிள்ளைட்ட சொல்லும்.”

இப்போது சிவசைலம் வீடு வீடாகப் பத்திரிகை வைக்கிறார். வாங்குகிறவர்கள் படித்துவிட்டு, மந்திரமூர்த்திக்கு இந்த வயதில் எந்த ஊரில் பெண் எடுத்திருக்கிறார்கள் என்று விசாரிக்கிறார்கள். சிவசைலம் சிரித்துவிட்டு, கையால் எழுதினால்தான் ஒரு மரியாதை, அந்த யோசனையே தன்னுடையதுதான் என்கிறார்.