அறுபது வோல்ட் எங்கே போச்சு?

"தொப்!"

கடை வாசலில் மோட்டார் விழுந்த சத்தத்தில் மேகலாவின் கையிலிருந்த டீ பாதி சிந்தியது. மொபெட்டிலிருந்து இறங்காமலே சிங்காரவேலு கத்தினார்.

"மூணாவது தடவை! ஒரே மாசத்துல மூணு தடவை கருகிடுச்சு. நீ காயில் சுத்துறியா, பூக் கட்டுறியா?"

திருப்பனந்தாள் கடைத்தெருவில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் ஒரே பெண் மேகலா. பதினோரு வருஷக் கடை. குறுவைக்கு நாற்று விடும் இந்தச் சமயத்தில்தான் அவளுக்கு வேலையே. இந்த மனிதரோ டீக்கடை, உரக்கடை, சலூன் ஒன்று விடாமல், 'மேகலா சுத்தினா ஒரு வாரம்தான் தாங்கும்' என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். நேற்று மட்டும் இரண்டு பேர் தங்கள் மோட்டாரைத் திருப்பி வாங்கிக்கொண்டு கும்பகோணம் போய்விட்டார்கள்.

"அண்ணே, கோளாறு என் காயில்ல இல்ல. உங்க லைனைப் பார்க்கணும்னு போன தடவையே சொன்னேன்."

"ஊருக்கே ஒரே கரண்ட்டு. எனக்கு மட்டும் தனியா காய்ச்சி அனுப்புறாங்களா? அங்க நாத்து காயுதும்மா!"

இவரிடம் பேசிப் பயனில்லை. கடையில் சும்மா கிடந்த ஒன்றரை ஹெச்.பி. மோட்டாரையும் வோல்ட் பார்க்கும் மீட்டரையும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்கே போனாள்.

கொல்லையைத் தாண்டி நூற்றைம்பது மீட்டரில் நாற்றங்கால். வீட்டு மெயின் பெட்டியிலிருந்து மண்ணுக்குள் பைப்பில் வயர் போகிறது. மோட்டாரை மாட்டி ஓடவிட்டாள். பெட்டியில் 228 வோல்ட். மோட்டாரிடம் 168. இழுப்பது பன்னிரண்டு ஆம்பியர்.

"நடுவுல அறுபது வோல்ட் எங்கண்ணே போச்சு?"

"எலி தின்னிருக்கும்."

மேகலா பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளங்கையிலேயே பேனாவால் கணக்குப் போட்டாள்.

"அறுபதைப் பன்னிரண்டால வகுத்தா அஞ்சு. உங்க வயரோட தடை அஞ்சு ஓம். போன தடவை நீங்க சொன்ன நாலு எம்.எம். காப்பர் வயரா இருந்தா, போக வர சேர்த்து ஒண்ணேகால் ஓம் சுமார்தான் வரணும். இப்ப பெருக்குங்க. அறுபது பன்னிரண்டு எழுநூத்தி இருபது வாட். ஒரு இஸ்திரிப் பெட்டிக்கான கரண்ட்டு மண்ணுக்குள்ள சும்மா எரியுது. வோல்ட் குறைஞ்சா மோட்டார் திணறி, ஆம்பியரைக் கூட இழுக்கும். காயில் கருகாம குளிருமா?"

"நாலு எம்.எம்.தான். நானே பக்கத்துல நின்னு புதைச்சேன். தோண்ட வேணாம்."

தோண்டுவதாக அவள் சொல்லவே இல்லை. மெயினை அணைத்துவிட்டு வந்து, பைப்புக்கு வெளியே தெரிந்த தடித்த வயரின் அடியில் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்து இழுத்தாள். அதோடு ஒட்டுப் போட்டிருந்த ஒல்லியான மஞ்சள் வயர் ஒன்று வந்தது.

"இது டியூப் லைட்டுக்குப் போடுற வயருண்ணே! யார் மாத்தினது? சொல்லுங்க. என் பேரைக் கெடுத்த அதே டீக்கடையில நான் போய்ச் சொல்லணும்."

சிங்காரவேலு அந்த மஞ்சள் வயரைத் திரும்பப் பைப்புக்குள் திணிக்கப் பார்த்தார். துவைத்த துணியோடு அத்தனையும் கேட்டுக்கொண்டு நின்ற அவர் மனைவி கமலாம்பாள், வாளியைக் கீழே வைத்தாள்.

"டீக்கடை என்ன மேகலா, மைக் வச்சே சொல்லு. அந்த நல்ல வயரை உருவித்தான் போன மாசம் கோயில் திருவிழாவுக்கு 'சீரியல் விளக்கு உபயம்'னு குடுத்தாரு, மைக்குல தன் பேரை நாலு தடவை சொல்லணும்னு!"