அவள் சொல்லாத ஸ்தோத்திரம்

ஐந்தரைக்கு எழுந்தான். போர்வையை மடித்தான். பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்துப் பாலை அடுப்பில் வைத்தான். பொங்கும் முன் அணைத்தான். இரண்டு டம்ளர் டீ போட்டான், ஒன்று சர்க்கரை போட்டது, ஒன்று போடாதது. போடாதது அத்தைக்கு. ரொட்டியை வாட்டினான். அத்தையின் ரொட்டிக்கு ஓரத்தை வெட்டினான். அவருக்குப் பல்செட் புதிது, ஓரம் கடிபடாது. சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டான். வேதாகமத்தில் ஒரு அதிகாரம் வாசித்து மூடினான். மணி ஏழு.

ஐந்து மாதமாகக் காலை இப்படித்தான் போகிறது. அதற்கு முந்தைய பதினோரு மாதம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஓடியது. தன் மகளை, இவன் மனைவியைப் பார்த்துக்கொள்ள இரண்டு வாரத்துக்கென்று ஒரே ஒரு பையோடு வந்தவர் அத்தை. மகள் போன பிறகும் திரும்பிப் போகவில்லை. போகட்டுமா என்று அவர் கேட்கவில்லை. இருங்கள் என்று இவனும் சொல்லவில்லை. ஒருவருக்கொருவர் பேச்சுத்துணை என்று அக்கம்பக்கத்தில் நினைத்தார்கள். பேச்சு குறைவு, துணைதான் அதிகம்.

அவன் பல் செய்கிறவன். பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, ஈறின் வடிவத்தை எடுத்து, அதன்மேல் மெழுகு வைத்துப் பல் அடுக்குவது அவன் வேலை. அத்தையின் பல்செட்டும் அவன் கைவேலைதான். போட்ட முதல் நாளே அத்தை சொன்னார், “மாப்பிள்ளை குடுத்த பல்லு. முதல் கடி மாப்பிள்ளையைத்தான் கடிக்கணும்.” ஐந்து மாதத்தில் அந்த வீட்டில் சிரித்தது அன்றைக்கு ஒருதடவைதான்.

இன்று அத்தை டீக்கு உட்காரும்போதே ஒரு தாளைக் கொண்டுவந்தார். கல்லறைக் கல்லில் வெட்ட வேண்டியதை எழுதி வைத்திருந்தார். மகளின் பெயர், பிறந்த தேதி, மறைந்த தேதி. கீழே ஒரு வரி: எல்லாவற்றிற்காகவும் ஸ்தோத்திரம். அதற்கும் கீழே, இது அவளுடைய கடைசி வார்த்தை. கல் வெட்டுகிறவர் பதினோரு மணிக்கு அந்த வரிக்கு உளியை எடுத்துவிடுவார், அதற்குள் மாப்பிள்ளை ஒருதடவை பார்த்து ‘சரி’ என்றால் போதும் என்றார்.

அவன் பார்த்தான். டம்ளரைக் கீழே வைத்தான். அவள் அப்படிச் சொல்லவே இல்லை.

சொன்னதாக ஆனது இப்படித்தான். சபையில் மூப்பர் ஒருவர் இருக்கிறார். மைக் கையில் கிடைத்தால் கீழே வைக்க மாட்டார், அதனால் வாலிபர்கள் அவருக்கு மைக் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கெட்ட மனிதர் இல்லை. வாரம் தவறாமல் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர் அவர்தான். முதல் மாதமே கட்டிலருகே குனிந்து, அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கிறதா, யோசித்துப் பாரம்மா என்று கேட்டவரும் அவர்தான். அவள் நிஜமாகவே யோசித்தாள். நாலாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் ரப்பரை எடுத்ததை ஒப்புக்கொண்டாள். ரப்பருக்கே ரத்தப் புற்று என்று தெரிந்திருந்தால் பென்சில் பெட்டியையும் சேர்த்தே எடுத்திருப்பேனே என்றாள். மைக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக மாற்றப் பார்த்தார், முடியவில்லை.

அவள் போனது விடியற்காலையில். அத்தை கீழே மருந்துக் கடைக்குப் போயிருந்தார். திரும்பி வரும்போது எல்லாம் முடிந்து நாலைந்து நிமிஷம் ஆகியிருந்தது. மைக்கும் அப்போதுதான் வந்து சேர்ந்தார். கடைசியாக ஏதாவது சொன்னாளா என்று அத்தை கேட்டார். இவன் அவள் கையையே பிடித்துக்கொண்டிருந்தான். “ஸ்தோத்திரம்னு சொல்லியிருப்பா, வேற என்ன சொல்லப்போறா” என்றார் மைக். இவன் தலையை ஆட்டிவைத்தான். அந்த நேரத்தில் கூரை மஞ்சள் நிறம் என்று யாராவது சொல்லியிருந்தாலும் ஆட்டியிருப்பான்.

அடக்கத்தன்று அது எல்லாவற்றிற்காகவும் ஸ்தோத்திரம் ஆனது. பத்தாம் நாள் ஜெபக்கூட்டத்தில் மைக் சொன்னபடி, அவள் இரண்டு கையையும் தூக்கிச் சொன்னாள். கையில் ஊசி குத்தி டியூப் போட்டிருந்தது யாருக்கும் நினைவில்லை. இரண்டாம் மாதம் அவள் முகம் பிரகாசித்தது. மூன்றாம் மாதம் பக்கத்துக் கட்டில்காரர் அதைப் பார்த்து மனம் திரும்பினார். பக்கத்துக் கட்டில் அன்று காலியாக இருந்தது.

இவன் எதையும் மறுக்கவில்லை. அத்தை அந்த வரியைப் பிடித்துக்கொண்டு நடமாடுவதாக அவனுக்குப் பட்டது. காலையில் எழுந்ததும் அதைச் சொல்வார், படுக்கும் முன் சொல்வார். ஊன்றுகோலைப் பிடுங்க யாருக்கு மனசு வரும்?

ஆனால் போன வாரம் ஒன்று நடந்தது. தூக்கத்தில் அவள் குரல் கேட்டது. அதே குரல், கொஞ்சம் கரகரப்பு. அந்தக் குரல் சொன்னது மைக்கின் வாக்கியத்தை. எழுந்து உட்கார்ந்து, அவள் நிஜமாகச் சொன்னதை நினைவுக்குக் கொண்டுவர அரை நிமிஷம் ஆனது. அரை நிமிஷம் ஒன்றும் வரவில்லை. அவளை மண்ணுக்குக் கொடுத்தபோது வராத பயம் அப்போது வந்தது. கல்லிலும் வெட்டிவிட்டால், ஞாயிறுதோறும் அதைப் படித்துப் படித்து, பத்து வருஷத்தில் அவனும் அதையே நம்பிவிடுவான். அவள் தன் வாயால் விட்டுப்போன கடைசிச் சொல் உலகத்தில் யாரிடமும் இருக்காது.

கல் பட்டறைக்கே வந்துவிடுகிறேன் என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, வேலையிடத்தில் மதியம்வரை அனுமதி வாங்கிக்கொள்ளப் போனான். மேஜையில் ஒரு பெரியவரின் கீழ்த்தாடை அச்சு காத்திருந்தது. கடைசிப் பல் இருக்கும் இடத்தில் காற்றுக் குமிழ். ஈறு அங்கே எப்படி இருக்கிறதென்று அச்சில் பதியவில்லை. மெழுகு வேலை பார்ப்பவர் எட்டிப் பார்த்தார். உத்தேசமாக நிரப்பிவிடு, கடைசிப் பல்தானே, யார் உள்ளே போய்ப் பார்க்கப்போகிறார்கள் என்றார். அவன் போனை எடுத்து, மறுபடி அச்சு எடுத்து அனுப்பும்படி டாக்டரிடம் சொன்னான். உத்தேசமாக நிரப்பினால் பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும். மெல்லும்போது ஈறு புண்ணாகும். வாய்க்குச் சொந்தக்காரருக்குத்தான் தெரியும்.

“பெரிய அரிச்சந்திரன்” என்றார் மெழுகுக்காரர்.

அவனுக்குச் சுருக்கென்றது. போனை வைத்துவிட்டு அப்படியே கிளம்பினான்.

கல் பட்டறை வரைக்கும் நடந்தான். நடக்க நடக்க அந்தப் பதினோரு மாதமும் கூடவே வந்தது. அவள் போன் கம்பெனியில் புகார் பிரிவில் இருந்தவள். நாள் முழுக்க யாராவது காதில் கத்துவார்கள், பொறுமையாகக் கேட்பாள். நோய் வந்த பிறகு அவள் கத்தினாள், மேலே பார்த்து. எனக்கு ஏன், நான் என்ன பண்ணினேன், என் வீட்டுக்காரருக்கு இன்னும் முப்பத்திரண்டு வயசுகூட ஆகலையே, இவரைத் தனியா வைச்சு என்ன பண்ணப்போறீங்க. அத்தைக்கு அது பதறும். ஆண்டவரை ‘நீர்’ என்று சொல்லாமல் கடைக்காரரிடம் பேசுவதுபோல ‘நீங்க’ என்கிறாளே என்று வேறு பதறும். அவள் அசரமாட்டாள்.

“ஆறு வருஷத்துல நான் ஒருத்தர் லைனைக்கூட கட் பண்ணினதில்லம்மா” என்பாள். “என் லைனை அவர் கட் பண்ணிடுவாரா?”

கத்தி முடித்ததும் அசதியாகக் கண்ணை மூடிக்கொண்டு, எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா இங்கயேதான் இருப்பேன், கொஞ்சம் தள்ளி உக்காருங்க என்று ஆண்டவரிடம் சொல்வாள். நோய்க்கு அவள் நன்றி சொன்னதில்லை. அவர் அதைக் கேட்கவும் இல்லை என்பாள். ஆனால் ஜன்னலோரக் கட்டில் கிடைத்ததற்கு நன்றி சொன்னாள். ரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற ஒன்பது பேரையும் பேர் பேராகச் சொல்லி நன்றி சொன்னாள். அத்தையின் குறட்டைக்கும் சொன்னாள், வார்டே விழித்திருப்பதால் தனக்குப் பேச ஆள் கிடைக்கிறதென்று.

காரணம் கடைசிவரை தெரியவில்லை. அவனுக்கு இன்றும் தெரியாது. ஆனால் அந்தக் கட்டிலருகே அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்ததாக ஒரு நாளும் தோன்றியதில்லை. இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் மைக் கையில் மாட்டிவிடும்.

பட்டறையில் அத்தை முன்னாடியே வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வெட்டுகிறவர் வெள்ளைத் தூசியில் குளித்தவர் மாதிரி நின்றார். கல்லில் பெயரும் தேதியும் முடிந்துவிட்டன. கீழ் வரிக்குப் பென்சிலால் கோடு போட்டிருந்தார். எழுத்து அடிபட்டால் கல்லையே மாற்ற வேண்டும், அதனால் வீட்டுக்காரர் சரி சொல்லாமல் கை வைக்க மாட்டேன் என்றார்.

அவன் அத்தையின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

“அத்தை, அவ இதைச் சொல்லல.”

அத்தை நிமிர்ந்து பார்த்தார். அவனே தொடர்ந்தான். மைக் சொன்னதற்குத் தலையாட்டியதைச் சொன்னான். கையைத் தூக்கியது, முகம் பிரகாசித்தது, பக்கத்துக் கட்டில் எல்லாமே பொய் என்றான். உங்களுக்கு அது ஆறுதலாக இருந்தது, அதைக் கெடுக்க மனசில்லை, அதனால் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றான். ஒரே மூச்சில் இவ்வளவு பேசி எத்தனையோ நாளாகியிருந்தது.

வெட்டுகிறவர் உளியைக் கீழே வைத்துவிட்டுத் தூரப் போய் நின்றார்.

அத்தை தாளை மடித்து மடியில் வைத்தார். அவர் உடைந்துபோவார் என்று அவன் தோளைப் பிடிக்கத் தயாராக இருந்தான். ஆனால் அத்தை பெரிதாக ஒரு மூச்சு விட்டார். தலைச்சுமையை யாரோ கைகொடுத்து இறக்கிவிட்ட மாதிரி.

“ஆறுதலா?” என்றார். “யாருக்கு ஆறுதல்? செத்துட்டிருந்த புள்ளையே எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம்னு சொல்லிட்டுப் போயிருக்கா, பெத்தவ நான் சொல்லாம இருந்தா என்ன விசுவாசம்னு தினமும் என்னை நானே அடிச்சு அடிச்சுச் சொல்லிட்டிருக்கேன் மாப்பிள்ளை. ஒரு நாள்கூட மனசார வரல. என் புள்ளை செத்ததுக்கு எப்படி ஸ்தோத்திரம் சொல்லுவேன்? எனக்கு விசுவாசமே போயிடுச்சுன்னு பயந்து கிடந்தேன்.”

ஊன்றுகோல் என்று அவன் நினைத்ததை அவர் ஐந்து மாதமாகச் சிலுவையாகத் தூக்கியிருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே மேஜையில்.

“அவ கத்தினாளே, அதுதான் என் பொண்ணு” என்றார் அத்தை. “ஆண்டவர்கிட்ட அந்தச் சண்டை போட்டுட்டு அவர் மடியிலேயே தூங்குவா. சின்னப் புள்ளையில எங்கிட்டயும் அப்படித்தான். கையைத் தூக்கிட்டு ஸ்தோத்திரம் சொன்னவளை எனக்கு அடையாளமே தெரியல. யாரோ ஒருத்திக்காக அழுதுட்டு இருந்தேன்.”

அப்புறம் அழுதார். இது வேறு அழுகை. அவனும் அழுதான், அடக்கத்துக்குப் பிறகு முதல் தடவையாக. நடுவில் அத்தை பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றினார், அழுவதற்கு அது தோதாக இல்லை என்று. அதற்கு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.

வெட்டுகிறவர் திரும்பி வந்தார். பென்சில் கோட்டைக் காட்டி, இதை அழிக்கட்டுமா, இல்லை வேறு ஏதாவது வெட்டணுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

அத்தை அவனைப் பார்த்தார். “அப்போ நிஜமா என்ன சொன்னா? ஏதாச்சும் சொன்னாளா, இல்லையா?”

சொன்னாள் என்றான். கரகரப்பான அந்தக் குரல் இந்தத் தடவை தேடாமலே வந்தது. மூன்று நாளாக அவளுக்கு ஒரு மிடறும் இறங்கவில்லை, உதடெல்லாம் வெடித்திருந்தது. விடியும்போது நர்ஸ் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் பஞ்சும் கொடுத்து, உதட்டை மட்டும் நனையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவன் பஞ்சை அதிகமாகவே நனைத்துவிட்டான். பாதி கழுத்தில் வழிந்தது, பாதி உதட்டில் பட்டது. அவள் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். பதினோரு மாதத்துச் சண்டையில் ஒன்றுகூட அந்தக் கண்ணில் மிச்சமில்லை. மழையில் நிற்கிற சின்னப் பிள்ளையின் முகம். நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தாள்.

“நல்லா இருக்கு. இன்னும் கொஞ்சம் குடுங்க.”