கைக்கடிகாரம் கட்டாத நாயகன்

நீதிபதியின் வீட்டு வாசலில் கழற்றிய செருப்பை பிசியோ இரண்டு முறை சுவரோரம் ஒழுங்குபடுத்தி வைத்தான். எத்தனையோ பேருடைய முதுகையும் கழுத்தையும் நிமிர்த்திய பிசியோதெரபிஸ்ட் அவன். அதனால்தான் எல்லோர் வாயிலும் அவனுக்கு அந்தப் பெயர். இன்று தன் முதுகை நேராக வைத்துக்கொள்வதே அவனுக்குப் பெரும்பாடாக இருந்தது.

"அப்பா பேசட்டும். நீ குறுக்க பேசாத," என்று கதவருகில் அவள் கிசுகிசுத்தாள். "எவ்வளவு பேசினாலும் பேசட்டும்."

அவள் நீதிபதியின் ஒரே மகள். பிசியோவைத்தான் கட்டிக்கொள்வது என்று என்றைக்கோ முடிவு செய்துவிட்டு, அப்பாவின் தலையசைப்புக்காகக் காத்திருந்தாள். அந்தத் தலை எளிதில் அசைவதில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு அவர் ஒரு திரைப்படச் சங்கத்தின் தலைவராகியிருந்தார். அவருடைய விசாரணைக்கு இப்போது எஞ்சியிருந்த வழக்கு ஒன்றே ஒன்று: லிப்ட் பழுதுபார்ப்பவன் ஒருவனைப் பற்றிய பழைய பிரெஞ்சுப் படமும், அதையே ஹாலிவுட்டில் மறுபடி எடுத்த சண்டைப் படமும். மூலத்தை மெச்சாதவனை அவர் மனிதர் கணக்கில் சேர்ப்பதில்லை. முன்பு வந்த வரன் ஒருவன், "ரீமேக்தான் சார் விறுவிறுப்பு" என்று வாயைக் கொடுத்து, டீ ஆறுவதற்குள் வழியனுப்பப்பட்டான்.

பிசியோவின் சங்கடம் அதைவிடப் பெரிது. ரீமேக் என்றால் அவனுக்கு உயிர். வசனம் ஒன்றுவிடாமல் மனப்பாடம். மூலத்தை அவள் நச்சரித்ததால் போன வாரம்தான் பார்த்தான். முதல் முறை பாதியில் தூங்கிப்போய், மறுநாள் முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தான்.

நீதிபதி தம் நாற்காலியில் சாய்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். விசாரணை தொடங்கியது.

"ரெண்டும் பாத்தாச்சா தம்பி?"

"பாத்தாச்சு சார்."

"நான் அந்த ரீமேக்க பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல பாக்கல. எடுத்தவனுக்குக் கதை கிடைக்கல, வெடிமருந்துதான் கிடைச்சிருக்கு. எழுந்து வந்துட்டேன்." சங்கத்தில் பல முறை சொல்லி மெருகேறியிருந்த வாக்கியம் அது. "சரி, மூலத்துல நீங்க என்ன கண்டீங்க?"

பிசியோ தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னான். "அந்த ஆள் படி இறங்கும்போது ஒவ்வொரு படியிலயும் வலது காலத்தான் முதல்ல வைக்கிறான் சார். வலது மூட்டு போனவன் அப்படித்தான் இறங்குவான். படம் முடியிற வரைக்கும் ஒரு தடவகூட மாத்தல."

"ரீமேக்ல?"

"அதுல பாதிப் படத்துல மூட்டு தானா சரியாயிடுது சார். மாடி விட்டு மாடி தாவுறான்."

"அப்படிப் போடுங்க!" நீதிபதி நாற்காலியின் நுனிக்கு வந்தார். உற்சாகம் வந்துவிட்டால் அவரே சாட்சி, அவரே வழக்கறிஞர். "ஆனா படத்தோட உயிர் எங்க இருக்கு தெரியுமா? அடியாளுங்க தேடிக்கிட்டு வர்றாங்க. இவன் லிப்டு மேல படுத்துக் கிடக்கான். எங்கயும் சத்தம் இல்ல. இவன் கைக்கடிகாரம் மட்டும் டிக், டிக், டிக். மெல்லக் கழட்டி, அப்படியே வாய்க்குள்ள போட்டுக்கிறான்! அதுதான்யா பிரெஞ்சுக்காரன்! ஹாலிவுட்காரனுக்கு இதெல்லாம் வருமா?"

ஆடிக்கொண்டிருந்த பிசியோவின் தலை பாதியில் நின்றது.

பிரெஞ்சு நாயகன் கைக்கடிகாரமே கட்டுவதில்லை. எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் மணி கேட்டுக்கொண்டே போவான். ஒருவரும் நின்று பதில் சொல்வதில்லை. அந்தப் படத்தின் துக்கமே அதுதான். கடிகாரத்தை வாயில் அடக்கியவன் ஹாலிவுட்காரன். அதையும் படத்தின் இரண்டாவது மணி நேரத்தில்தான் அடக்கினான்; பதினைந்தாவது நிமிடத்தில் எழுந்து போனவர் அதைக் கண்டிருக்க வழியில்லை.

திருத்தினால் பெண் கிடைக்கமாட்டாள். பிசியோ அவளைப் பார்த்தான். அவள் கையிலிருந்த பிஸ்கட்டைப் புதைபொருள்போல ஆராய்ந்துகொண்டிருந்தாள். அவளுடைய அம்மா, ஏற்கெனவே நேராகத் தொங்கிய திரைச்சீலையை நேராக்கினார்.

"எனக்கும் அந்த இடம் ரொம்பப் பிடிக்கும் சார்," என்றான் பிசியோ. அதில் துளியும் பொய்யில்லை. "அப்புறம் அந்த ஹெலிகாப்டர் வரும்போது..."

"ஹெலிகாப்டருக்கு முன்னாடி பாலம் உடையும்ல! பாலம் உடைஞ்சதுக்கு அப்புறம்தானே..."

நீதிபதி நிறுத்தினார். பிரெஞ்சுப் படத்தில் பாலம் கிடையாது. பாலம் கட்ட ஓர் ஆறுகூடக் கிடையாது. ஒரு கட்டடமும் ஒரு லிப்டும் எண்ணற்ற படிகளும்தான். ஆயுள் முழுக்கக் கூண்டுக்கு எதிரில் உட்கார்ந்தவருக்கு, கூண்டுக்குள் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் போய் டீ போடுங்க," என்றார்.

"இப்பத்தானேங்க குடிச்சீங்க?" என்றார் மனைவி.

"இன்னொரு டீ குடிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

தாயும் மகளும் உள்ளே போனார்கள். நீதிபதி குரலைத் தாழ்த்தினார்.

"எத்தன தடவ பாத்தீங்க?"

"எட்டு சார். நீங்க?"

"கேள்வி கேக்கறது நான்." கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, "எண்ணல," என்றார். "ஆனா மூலம்தான் சிறந்தது. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல."

"எனக்கும் இல்ல சார். அந்த மூட்டு ஒண்ணு போதும்."

"அத மறுபடி பாக்கத்தான் முடியல தம்பி. மனசு கனத்துப் போயிடுது. ஹாலிவுட்காரன் பாலத்த உடைக்கிறான், நமக்கு லேசாயிடுது." அவர் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "இது சங்கத்துல தெரிஞ்சா என் மானம் கப்பலேறிடும்."

"கடிகாரத்த வாயில போட்டுக்கிட்டேன் சார்."

நீதிபதி ஒரு கணம் அவனையே பார்த்தார். பிறகு சிரித்தார், தோள் குலுங்க, கண்ணாடி நழுவச் சிரித்தார்.

"சார் என்ன சார்? மாமான்னு கூப்பிடு!" உள்ளே கேட்கும்படி குரலை உயர்த்தினார். "மாப்பிள்ளைக்குச் சர்க்கரை கொஞ்சம் தூக்கலா போடுங்க!"

சமையலறையில் ஒரு கரண்டி விழுந்தது. டீயுடன் வந்தவளின் முகத்தில் வெளிச்சம் வழிந்தது. கோப்பையைக் கொடுக்கக் குனிந்தபோது, "அப்பாவப் பேசவிடுன்னு சொன்னேன்ல?" என்று அவன் காதில் போட்டுவிட்டுப் போனாள்.

பின்னால் வந்த அம்மா, பாத்திரத்துக்கு விலை கேட்கும் தொனியில் பேசினார்.

"ஏங்க, இனிமே அந்தப் பாலம் உடையிற படத்த மாப்பிள்ளையோட சேர்ந்து பகல்லயே பாத்துடுங்க. நான் தூங்கிட்டேன்னு நினைச்சு, போர்வைக்குள்ள செல்போன வச்சுக்கிட்டுப் பாக்க வேணாம்."

"எந்தப் பாலம்? எந்தப் படம்?" என்றார் நீதிபதி, தீர்ப்பு வாசிக்கும் குரலில். "பிரெஞ்சுப் படத்துலதான் பாலமே இல்லையே!"

"அதத்தான் நானும் கேக்கறேன். மாப்பிள்ளை, நீங்களே சாட்சி சொல்லுங்க. பாலம் எந்தப் படத்துல வருது? உங்க மாமா அத எப்பப் பாத்தாராம்?"

மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். ஒருவர் கெஞ்சினார், மற்ற இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

பிசியோ வாயைத் திறக்கவில்லை. உள்ளே கடிகாரம் இருந்தது.